அம்மாவுக்காக ஒரு வாக்கெடுப்பு

தூஸ்லா, 9 நவம்பர் 1997

அன்புத் தம்பி ஹைரோவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். ஸ்வீடன் குளிரில் நீ, உன் வீட்டுக்காரி, அமிலா குட்டி, அம்மா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

உன் அக்கா தேர்தலில் ஜெயித்துவிட்டாள். சிரிக்காதே. நம் யாவோர்னிக் நகர மன்றத்துக்கு நான் ஓர் உறுப்பினர். போரில் துரத்தப்பட்டவர்கள் எங்கே இருந்தாலும் பழைய ஊருக்கே வாக்களிக்கலாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் விதி போட்டதால் வந்த வினை. தூஸ்லா அகதி விடுதியில் முடங்கிக் கிடக்கும் நம் ஆட்களெல்லாம் வரிசையில் நின்று போட்டார்கள். மன்றத்தில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி நாம், முஸ்லிம்கள். பாதிக்குக் கொஞ்சம் அதிகம் இப்போது ஊரில் இருக்கும் செர்பியர்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கை உயர்ந்தால்தான் எந்தத் தீர்மானமும் செல்லுமாம்.

வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்த ஊரின் மன்றத்துக்கு நான் போக, வெளிநாட்டுப் படையின் கவச வண்டி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வரவேண்டும். எதிர்ப்பக்கத்துக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? உன் பள்ளித் தோழன் ஒப்ரென்தான். அங்கே உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் பல் பிடுங்கியிருக்கிறேன். அந்தப் பயமாவது இருக்காதா?

எல்லோருக்கும் என் முத்தங்கள். அம்மாவின் கையை என் சார்பில் கண்ணில் ஒற்றிக்கொள்.

உன் மெவ்லிதா


போரோஸ், 14 டிசம்பர் 1997

பிரியமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பேக்கரி வேலை, பனி, திரும்பவும் பேக்கரி வேலை. உன் நலத்தைத்தான் இனி தினமும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

உனக்கு ஏன் இந்த வேலை? பல் டாக்டராக இருந்தால் மனிதர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள், ஆனால் பேசமாட்டார்கள். அந்தச் சுகத்தை விட்டுவிட்டு மன்றத்துக்குப் போகிறாயே!

விளையாட்டு போதும். ஒப்ரென் பெயரை நீ சாதாரணமாக எழுதிவிட்டாய். தொண்ணூற்றிரண்டு வசந்தத்தில் நாம் பைகளோடு பாலத்தைக் கடந்தபோது அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கையில் துப்பாக்கி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரே பெஞ்சில் எட்டு வருடம் உட்கார்ந்தவன். துப்பாக்கி பிடித்தவனைக்கூட ஒருநாள் மன்னிப்பேன் அக்கா, முகத்தைத் திருப்பியவனை முடியாது. அவனோடு ஒரே மேஜையில் நீ உட்காரப்போகிறாய்.

அம்மா பேனாவைப் பிடுங்குகிறார்.

மவளே, இவன் பேச்ச கேக்காத. நீ போ. நல்ல கோட்டு போட்டுட்டு போ, அகதி மாதிரி போய் நிக்காத. மேட்டு கல்லறைல உங்கப்பா கல்லு நிக்குதா சாஞ்சிருச்சான்னு பாத்து எழுது. அவரு உசுரோட இருக்கும்போதே ஒரு பக்கமா சாஞ்சுதான் நிப்பாரு.

உன் கன்னத்தில் எங்கள் எல்லோரின் முத்தம்.

ஹைரோ


தூஸ்லா, 22 பிப்ரவரி 1998

என் செல்லத் தம்பிக்கும் என் தாய்க்கும்,

நான் நலமே. முதல் கூட்டம் முடிந்தது. நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போனேன், அம்மா. வழியில் சிறிது தாமதம். பஸ்ஸில் ஒரு ஜன்னல் கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி பயணம் சுகம்.

முதல் இரண்டு மணி நேரம் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதில் போனது. அடுத்து மொழி. எல்லோரும் பேசுவது ஒன்றுதான், இப்போது பெயர்தான் வேறு வேறு. நம் ஆள் ஒருவர் எழுந்து, "மொழிபெயர்ப்பாளர் இல்லாம எனக்கு இவங்க பேசுறது ஒரு வார்த்தை புரியாது!" என்று முழங்கினார்.

"நீ சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. உக்காரு," என்றான் ஒப்ரென்.

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு உடனே எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டார்கள். காபிக்குக்கூட இரண்டு மேஜைகள். நம் மேஜையில் சர்க்கரை தீர்ந்துபோக, நானே எழுந்து அந்த மேஜைக்குப் போனேன். ஒப்ரென்தான் கிண்ணத்தை நகர்த்தினான். முன்பெல்லாம் அக்கா என்பான். இப்போது, "உறுப்பினர் அவர்களே, கடைவாய்ப் பல்லுல நீங்க போட்ட அடைப்பு போன மாசம் விழுந்துருச்சு," என்றான்.

"இவ்வளவு வருஷம் தாங்கியிருக்கே! நம்ம நாடே அவ்வளவு தாங்கல," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மா, மேட்டுக் கல்லறைக்குப் போக விடவில்லை. பாதையில் கண்ணிவெடி எடுக்கவில்லையாம். கீழிருந்து பார்த்தேன், புல் ஆளுயரம். அப்பாவின் கல் தெரியவில்லை.

உங்கள் எல்லோரையும் இறுகக் கட்டிக்கொள்ளும்,

மெவ்லிதா


போரோஸ், 17 மார்ச் 1998

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: நெற்றி எப்படி இருக்கிறது?

கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்ததாம்! அந்தக் கண்ணாடி வழியாக வந்த கல் எங்கே போயிற்று என்று எழுதினாயா? தூஸ்லாவிலிருந்து இங்கே வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. நெற்றியில் தையலோடு போய் உட்கார்ந்து, சர்க்கரை கேட்டு எழுந்து போயிருக்கிறாய். உன்னைத் திட்டுவதா கும்பிடுவதா தெரியவில்லை. திட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மிச்சத்தை நேரில் வைத்துக்கொள்வோம்.

இனிமேல் எதையும் மறைக்காதே. தூரத்தில் இருப்பவர்களுக்கு மறைப்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

அம்மா தூங்குகிறார், எழுப்பவில்லை. அவர் எழுதவேண்டிய இடத்தில் நானே முத்தம் போட்டுவிடுகிறேன். அமிலா உனக்குக் கவச வண்டி படம் வரைந்திருக்கிறாள். அதற்குச் சிறகு எதற்கு என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

உன் மேல் கோபமும் பாசமும் உள்ள,

ஹைரோ


தூஸ்லா, 20 மே 1998

அன்பான ஹைரோ,

நெற்றி ஆறிவிட்டது. தழும்பு தெரியாதபடி முடியை முன்னால் வெட்டிக்கொண்டேன். வயது குறைந்துவிட்டதாக விடுதியில் சொல்கிறார்கள்.

நாட்டில் புதுசாக வண்டித் தகடு வந்திருக்கிறது. எந்த ஊர் வண்டி என்று பார்த்தால் தெரியாது. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி எழுத்து. அதுவும் நம் லிபி, அவர்கள் லிபி இரண்டிலும் உள்ள எழுத்துகள் மட்டும். கல் எறிகிறவர்கள் பாவம், குழம்பிப்போயிருக்கிறார்கள். சொந்த மாமன் வண்டி மேலேயே எறிந்துவிட்டால்?

இப்போது நீ உட்கார்ந்துகொள். மறைக்காதே என்று எழுதினாய், அதனால் எழுதுகிறேன். மன்றத் தலைவர் பதவிக்கு ஒப்ரெனுக்கு நான் கை தூக்கினேன். நம் பக்கத்தில் என் கைதான் முதலில் எழுந்தது. பிறகு இன்னும் சிலர்.

தலைவர் இல்லாவிட்டால் பட்ஜெட் இல்லை. பட்ஜெட் இல்லாவிட்டால் கண்ணிவெடி எடுக்க ஆள் இல்லை, பள்ளிக்குக் கூரை இல்லை, யாரும் ஊர் திரும்பவும் முடியாது. அவனை எதிர்த்து நின்றவன் எப்படிப்பட்டவன் தெரியுமா? எங்கள் பஸ்ஸை ஊர் எல்லையிலேயே நிறுத்த வேண்டும் என்று கூட்டத்திலேயே சொன்னவன். இரண்டு பேரில் ஒருவர். நான் முகத்தைத் திருப்பியவனைத் தேர்ந்தெடுத்தேன்.

விடுதியில் இப்போது பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பக்கத்து அறைக்காரி, "சர்க்கரைக்கு வித்துட்டா," என்று என் காதுபடவே சொன்னாள். நீயும் பேசமாட்டாயோ என்ற பயத்தோடு இதை எழுதுகிறேன்.

அம்மா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? அவருக்கும் என்மேல் கோபமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,

மெவ்லிதா


தூஸ்லா, 11 ஜூலை 1998

ஹைரோ,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே எடுத்துக்கொள்கிறேன், எழுத ஆளில்லாததால்.

தபால் கொண்டுவருபவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தூரத்திலேயே தலையாட்டிவிட்டுப் போகிறார். விடுதி போனில் வரிசையில் நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். அமிலா எடுத்தாள். "அப்பா வேலைக்கு போயிருக்கார், பாட்டி தூங்குறாங்க," என்றாள். குழந்தைக்குப் பொய் சொல்ல வரவில்லை, ஹைரோ. சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது போல இருந்தது. என் கோபக்காரத் தம்பி, குழந்தையையா முன்னால் நிறுத்துவாய்?

திட்டுவதானால் திட்டி எழுது. வெறும் உறை வந்தாலும் போதும்.

அக்கா


போரோஸ், 2 ஆகஸ்ட் 1998

என் அருமை அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

ஒப்ரெனுக்கு நீ கை தூக்கியதில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஒரு வாரம் இருந்தது. அதன்பிறகு அதற்கு நேரமில்லை. நான் எழுதாதது அதனால் அல்ல. உனக்குப் பொய் எழுத இனி என் கை வரவில்லை.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். பிப்ரவரியில் சொன்னார்கள். மறைக்காதே என்று உனக்கு நான் எழுதிய அன்று எனக்கு இது தெரியும். அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவ ஊருக்குள்ள ஒரு கால வச்சிருக்கா. இத சொன்னா அந்த கால எடுத்துட்டு இங்க ஓடியாருவா. சொல்லாத," என்றார். உன் கடிதங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒப்ரென் "உக்காரு" என்று சொன்ன இடம் வரும்போதெல்லாம் சிரிப்பார். சிரித்தால் வலிக்கும். அப்படியும் சிரிப்பார்.

இப்போது அவரே சொல்லச் சொன்னார். விசாவுக்கு டாக்டரின் கடிதம் இணைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

இன்னொன்று. தன்னை யாவோர்னிக் மேட்டில் அப்பாவின் பக்கத்தில் வைக்கவேண்டும் என்கிறார். இங்கே நல்ல கல்லறை இருக்கிறது, நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "இங்க பக்கத்துல படுக்கிறவன்கிட்ட எந்த பாஷைல பேசுறது?" என்று கேட்கிறார். போருக்குப் பிறகு அந்த மேட்டில் நம்மவர் யாரையும் அடக்கம் செய்யவில்லை என்று தெரியும். உன் மன்றம் வேண்டாம் என்று சொன்னவன் நான். இப்போது அந்த மன்றத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பாயா?

உன் தம்பி


தூஸ்லா, 27 செப்டம்பர் 1998

கண்ணான ஹைரோ, என் உயிரான அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்களோடு இருந்த அந்த நாட்களை நினைத்தபடிதான் இங்கே தூங்குகிறேன், எழுகிறேன். அம்மா, நீங்கள் என்னை விரட்டிவிட்டிருக்க வேண்டாம். "கூட்டத்துக்கு நேரமாச்சு, கெளம்பு," என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல அனுப்பினீர்கள். ஹைரோ, இந்தக் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படி.

மேட்டுப் பாதையில் கண்ணிவெடி எடுத்துவிட்டார்கள். அடக்கத்துக்கு இடம் கேட்கும் நம் பொருளை நான் மன்றத்தில் வைத்தேன். ராடோய்கா என்று ஒரு செர்பிய உறுப்பினர், இப்போது நம்மவர் கையில் இருக்கும் ஸெனித்ஸாவிலிருந்து ஓடிவந்து யாவோர்னிக்கில் நம்மவர் யாரோ ஒருவர் வீட்டில் இருப்பவள். அவள்தான் முதலில் எழுந்தாள்.

"இன்னிக்கு செத்தவங்களுக்கு எடம் குடுத்தா, நாளைக்கு உசுரோட இருக்கிறவங்க பின்னாலயே வருவாங்க," என்றாள்.

"ஆமா, வருவோம்," என்றேன். "எங்க ஊருதானே?"

அவ்வளவுதான், கூச்சல். ஒப்ரென் மேஜையைத் தட்டினான். அவன் எனக்காகப் பேசவில்லை. "நகராட்சியோட பழைய விதி ஒண்ணு இருக்கு. குடும்ப எடம் இருக்கிறவங்க அதுல அடக்கம் பண்ணலாம். அத இதுவரைக்கும் யாரும் ரத்து பண்ணல. அது நடைமுறைல இருக்கா இல்லையான்னு மட்டும் ஓட்டு போடுங்க," என்றான். அன்று அவன் பக்கத்தில் அவனைத் தவிர ஒரு கையும் எழவில்லை. பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வராந்தாவில் ராடோய்கா சிகரெட் பற்றவைக்க முடியாமல் நின்றாள். நான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"ஒங்கம்மா செத்துட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"எம்மவன் ஸெனித்ஸா கல்லறைல இருக்கான். சண்டைக்கு முன்னாடியே மோட்டார் சைக்கிள்ல அடிபட்டு போய்ட்டான். ஆறு வருஷமா ஒரு மெழுகுவத்தி வைக்கல. எனக்கு யாரு ஓட்டு போடுவா, டாக்டர்?"

ஓட்டுப் போட வழியில்லை, ஆனால் வண்டி கிடைக்கும் என்றேன். தோழி ஒருத்தி வண்டியைக் கொடுத்தாள். புதுத் தகடு, யாரும் நிறுத்தவில்லை. ஸெனித்ஸா நெருங்க நெருங்க அவள் தலைக்குட்டையை இழுத்து இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் நம் பஸ்ஸில் முதல்நாள் செய்தது போலவே. பையனின் கல்லறையில் யாரோ புல் வெட்டியிருந்தார்கள். அடுத்த தெருவில் இருக்கும் அவளுடைய பழைய அண்டைவீட்டுக்காரி, நம்மவள்தான், வருடாவருடம் வெட்டுகிறாளாம். ராடோய்கா அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். இருவரும் அழுதார்கள். பிறகு அந்த வீட்டுக்காரி எங்களுக்கு இறைச்சி பொதிந்த பீட்டா சுட்டுப்போட்டாள். நான்கு துண்டு தின்றேன்.

நேற்றைய கூட்டத்தில் ராடோய்கா கை தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர். விதி நடைமுறையில் இருக்கிறது, அம்மா. உங்கள் இடம் உங்களுக்கே. அப்பாவின் கல்லையும் போய்ப் பார்த்தேன். சாய்ந்துதான் இருக்கிறது.

அதற்காக அவசரப்படாதீர்கள். இடம் எங்கும் போகாது.

உங்கள் மகள், உன் அக்கா


போரோஸ், 9 அக்டோபர் 1998

அக்கா,

படித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது, "எத்தன பேரு எதுத்து கை தூக்குனாங்க?" என்றார்.

"ஏழெட்டுப் பேரு இருக்கும்மா."

"அவங்க வீட்டுக்கெல்லாம் என் அடக்கத்து அல்வா போகணும். சக்கரைய தாராளமா போடச் சொல்லு. பல்லு கெட்டா ஒன் அக்காகிட்டதானே வரணும்?"

எவ்வளவோ நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

இப்போது அதிகம் பேசுவதில்லை. வலிக்கு மருந்து கொடுக்கிறார்கள். அமிலா பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைகிறாள். டாக்டர் நாட்களைப் பற்றித்தான் பேசுகிறார், வாரங்களைப் பற்றி அல்ல. அந்த வேளை வந்தால் போனில் சொல்கிறேன். நான்தான் பேசுவேன், குழந்தை அல்ல.

நீ உன்னைப் பார்த்துக்கொள்.

ஹைரோ


போரோஸ், 15 நவம்பர் 1998

அன்பு அக்காவுக்கு,

அம்மாவை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டேன். உடம்பு பரவாயில்லை. அம்மாவின் கட்டிலை இன்னும் மடிக்கவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

நம் வழக்கப்படி பெண்கள் குழிக்கரைக்கு வரவில்லை. நீ கீழே ராடோய்காவின் கையைப் பிடித்தபடி பஸ் பக்கத்தில் நின்றாய். மேலே நடந்ததை நான் முழுசாகச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. எழுதத்தான் முடிகிறது.

இமாம் ஓதி முடித்து, நாங்கள் முறை வைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒப்ரென் வேலிக்கு வெளியே நிற்பதைப் பார்த்தேன். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். நரைத்துவிட்டான். உள்ளே வந்து, "ஹைரோ, நானும் மண்ணு போடலாமா?" என்றான்.

மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. ஆறு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன். "பாலத்துல ஏன்டா மூஞ்சிய திருப்புன?"

இவ்வளவு பேர் முன்னால் கேட்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது. அவனும் ஆறு வருடம் வைத்திருந்தான் போல. "ஒன் மூஞ்சிய பாத்துட்டே நின்னிருந்தா, ஒன்கூட நடந்து வந்திருக்கணும். அந்த தைரியம் எனக்கு இல்ல," என்றான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், அக்கா. மண்வெட்டியைக் கொடுக்கவும் இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவன் குனிந்து கையாலேயே மண் அள்ளிப் போட்டான். மூன்று கை. போட்டுவிட்டுப் போய்விட்டான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா? நீ அவனைக் கூட்டங்களில் பார்க்கிறவள். உன்னைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். அமிலா கோடையில் யாவோர்னிக் பார்க்க வேண்டுமாம்.

உன் தம்பி ஹைரோ


யாவோர்னிக், 21 பிப்ரவரி 1999

என் அன்புத் தம்பிக்கு,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்தாயா? ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறேன். மேட்டுத் தெருவில் ஒற்றை அறை, விறகடுப்பு, ஒழுகும் கூரை. சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். நம்மவர்கள் இன்னும் ஆறு குடும்பம் வந்திருக்கிறார்கள். தெருவில் முறைக்கிறவர்கள் முறைக்கிறார்கள். வணக்கம் சொல்கிறவர்களும் சொல்கிறார்கள். பயம் போகவில்லை, ஆனால் வேலை அதிகம், பயப்பட நேரம் கிடைப்பதில்லை.

ஒப்ரெனிடம் நீ ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். தள்ளி நின்றாயே, அது போதும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மன்றத்தில் தெருநாய்களைப் பற்றிப் பேச்சு. போரில் ஆட்கள் போனார்கள், நாய்கள் தங்கி, பெருகி, சந்தையில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. சுட்டுவிட வேண்டும் என்றார்கள் சிலர். கொட்டில் கட்டி, கருத்தடை செய்து வளர்க்க வேண்டும் என்றேன் நான். ஒப்ரென் என் பக்கம். அவன் மர அறுவை ஆலையில் மூன்று நாய்கள் இருக்கின்றனவாம். ராடோய்கா எதிர்ப்பக்கம். "ஒன்ன கடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், டாக்டர்!" என்று காலைத் தூக்கி மேஜைமேல் வைத்துத் தழும்பைக் காட்டினாள். அவளோடு சேர்ந்துகொண்டது யார் தெரியுமா? மொழிபெயர்ப்பாளர் கேட்டாரே, நம் ஆள், அவர்! ஒப்ரெனின் ஆட்களில் பாதி என்னைத் திட்ட, நம் ஆட்களில் பாதி ஒப்ரெனைத் திட்ட, மூன்று மணி நேரம் ஒரே அமளி. வெள்ளை வண்டியில் வந்த வெளிநாட்டுக் கண்காணிப்பாளர், யார் எந்தக் கட்சி என்று புரியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை எண்ணினார்கள். நான் தோற்றேன். நம் ஆள் எழுந்துபோய் ராடோய்காவைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடுகிறார், ஹைரோ! நான் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒப்ரென், "என்னக்கா, தோத்துட்டு சிரிக்கிறீங்க?" என்றான்.

வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை என்று அவனிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஆனால் நாய்களை விடுவதாக இல்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி வைக்கப்போகிறேன்.

அமிலாவைக் கோடையில் அனுப்பு. நீயும் வா.

உன் அக்கா மெவ்லிதா